சக்தியில் நீங்கள் தாண்டிப் போகும் பாட்டு எது?

ஜூன் 7, 2025 – காலை

ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: "சக்தி இசைக்குழு என்றாலே எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு ஆஹா என்கிறார்கள். 1975இலிருந்து வாசித்ததில் ஒரு சுமார் பாட்டுகூடவா இல்லை? எது வந்தால் அடுத்ததுக்குத் தாவுவீர்கள்? பக்தியை ஓரமாக வைத்துவிட்டுச் சொல்லுங்கள்."

யோசிக்கவே வேண்டாம். 'ஹாப்பினஸ் இஸ் பீயிங் டுகெதர்'. 1977இல் வந்த 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' ஆல்பத்தில் இருக்கிறது. கிதாருக்கு ஜான் மெக்லாக்லின், வயலினுக்கு எல். சங்கர், தபலாவுக்கு ஜாகிர் உசேன், கடத்துக்கு விக்கு விநாயக்ராம் என்று, ஜாஸையும் நம் இசையையும் கலந்த சக்தியின் நான்கு பேரும் உச்சத்தில் இருந்த நேரம். அப்படிப்பட்டவர்களை உட்கார வைத்துச் சிரித்த முகமாக ஒரு மெட்டு வாசிக்கச் சொன்னால் எப்படி இருக்கும்? கடற்கரை ஓட்டல் விளம்பரத்துக்குப் போட்டது போல இருக்கிறது. வாசிப்பில் ஒரு குறையும் இல்லை, அதுதான் எரிச்சலே. தப்பாக வாசித்திருந்தாலாவது மன்னித்துவிடலாம்.

ஜூன் 7 – இரவு

நினைத்ததைவிடப் பலர் கோபப்பட்டிருக்கிறார்கள். "மகிழ்ச்சியான பாட்டு என்பதாலேயே மட்டமா?" என்று ஒருவர். இல்லை ஐயா. 'லா டான்ஸ் து போனர்' கூட மகிழ்ச்சிதான். இரண்டாவது ஆல்பமான 'எ ஹாண்ட்ஃபுல் ஆஃப் பியூட்டி'யின் முதல் பாட்டு. ஆரம்பமே கொன்னக்கோல். வாயால் சொற்கட்டைக் கொட்டிவிட்டு, மூச்சு விடுவதற்குள் வாத்தியங்கள் பாய்கின்றன. ஐந்து நிமிடம்கூட இல்லை. அதைக் கேட்டுவிட்டு முகம் சுளித்தவரை நான் பார்த்ததில்லை. அந்தச் சந்தோஷத்தில் கணக்கு இருக்கிறது, போட்டி இருக்கிறது, ஒருவர் காலை ஒருவர் வாரிவிடும் குறும்பு இருக்கிறது. 'ஹாப்பினஸ்'ஸில் யாரும் யாரையும் வம்புக்கு இழுப்பதில்லை. எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள். தலைப்பும் அதையே சொல்கிறது, சரி.

என் அளவுகோல் இதுதான்: கடத்துக்கு வேலை இல்லாத பாட்டு சக்தி பாட்டே இல்லை. கிதாருக்காகக் கேட்பவர்கள் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். பரவாயில்லை.

ஜூன் 8

கடம் என்ன அவ்வளவு பெரிய விஷயமா என்று கேட்டவருக்கு.

என் மாமா பையன் கொஞ்ச காலம் கடம் கற்றுக்கொண்டான். மானாமதுரைப் பானை. தூக்கிப் பார்த்தால்தான் தெரியும், சமையல் பானைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மண்ணோடு உலோகத் தூள் கலந்து தட்டித் தட்டிக் கனமாகச் செய்வார்கள். பூஜை அறை மூலையில் வைக்கோல் வளையத்தின்மேல் அதை உட்கார வைத்திருந்தார்கள். அத்தை தினமும் அதைச் சுற்றிக் கோலம் போடாத குறை, யாராவது இடித்து உடைத்துவிடுவார்கள் என்று அவ்வளவு பயம்.

அவன் சட்டையைக் கழற்றிவிட்டு, பானையை மடியில் சாய்த்து, வாயைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொள்வான். கழுத்துப் பக்கம் நகம் பட்டால் கண்ணாடிச் சத்தம். நடு வயிற்றில் விரல் பட்டால் கட்டையான சத்தம். வாய்ப் பக்கம் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டி, வயிற்றைக் கொஞ்சம் விலக்கினால் 'கும்' என்று ஒன்று வரும். அது காதுக்கு வருவதற்குமுன் நெஞ்சுக்கு வந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்தவர்களுக்குத்தான் அது புரியும். கச்சேரியில் பத்தாவது வரிசையில் உட்கார்ந்தால் பாதி போய்விடும், ஒலிபெருக்கி மீதியைத் தின்றுவிடும்.

இன்னொன்று. மிருதங்கத்தை வார் தட்டிச் சுருதி சேர்க்கலாம், தபலாவுக்குச் சின்னச் சுத்தியல் இருக்கிறது. பானை சூளையிலிருந்து எந்தச் சுருதியோடு வந்ததோ அதுதான் ஆயுசுக்கும். வேறு சுருதி வேண்டுமென்றால் வேறு பானை எடுத்து வா. அப்படி விட்டுக்கொடுக்காத ஒன்றை வைத்துக்கொண்டு விக்கு, ஜாகிரின் தபலாவோடு சொல்லுக்குச் சொல் மல்லுக்கு நிற்கிறார். அதைக் கேட்கத்தான் நான் சக்தி கேட்கிறேன்.

ஜூன் 8 – கொஞ்சம் கழித்து

முதல் ஆல்பத்தை 'ஸ்டூடியோவில் கச்சிதமாகச் செதுக்கியது' என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். அது மேடைப் பதிவு. 1975 ஜூலை 5, நியூயார்க் லாங் ஐலண்டில் சவுத்தாம்ப்டன் கல்லூரி. கைதட்டல் கேட்கிறதே. ஸ்டூடியோ என்றால் அடுத்த இரண்டும்தான்.

அந்த முதல் பதிவில் ராம்நாட் ராகவனின் மிருதங்கமும் உண்டு. ஆக தபலா, மிருதங்கம், கடம் மூன்றும் ஒரே மேடையில். அதன் முதல் பாட்டு 'ஜாய்' பதினெட்டு நிமிடம் ஓடுகிறது, எனக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமாகத் தெரிந்ததில்லை.

ஜூன் 9

"அப்படியானால் 'லோட்டஸ் ஃபீட்' பிடிக்காது என்று சொல்லிவிடுங்கள், அதில் கடம் எங்கே?" என்று மடக்கியிருக்கிறார் டொராண்டோ அக்கா. அவர் எப்போதும் இப்படித்தான், வாதத்தின் வாலைப் பிடித்து இழுப்பார்.

அக்கா, அந்தப் பாட்டோடு எனக்கு இருக்கும் வழக்கே வேறு. அது திரும்பத் திரும்ப வருகிறது. முதல் ஆல்பத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட அதே சமயம் மெக்லாக்லின் தன் ஜாஸ்-ராக் குழுவான மஹாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ராவின் 'இன்னர் வேர்ல்ட்ஸ்' ஆல்பத்திலும் போட்டார். இருபது வருடம் கழித்து 'ரிமெம்பர் சக்தி' என்று கூடினால் 1999 ஆல்பத்தில் மறுபடியும், இந்த முறை ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழலோடு. அடுத்து 2000இல் 'தி பிலீவர்', அதிலும் இருக்கிறது, மாண்டலின் ஸ்ரீநிவாஸோடு. கல்யாண வீட்டில் யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் 'குறையொன்றும் இல்லை' வந்தே தீருமே, அந்தக் கதி.

ஆனால் முதல் பதிவைத் தாண்டிப் போக முடிவதில்லை. 'ஜாய்' முடிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது அது வருகிறது. ஐந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. அந்த இடத்தில் வேறு எதுவும் நிற்காது. மற்ற மூன்றையும் எடுத்துக்கொள்ளுங்கள், அது மட்டும் என்னிடம் இருக்கட்டும்.

ஜூன் 9 – இரவு

நேர்மையாகச் சொல்லச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பல வருடம் எனக்குப் பிடிக்காமலிருந்த சக்தி பாட்டு முதல் ஆல்பத்தின் மூன்றாவது. அதன் தலைப்பு ஒரு பத்தி நீளம், 'வாட் நீட் ஹேவ் ஐ ஃபார் திஸ்' என்று ஆரம்பித்து 'ஆல் இஸ் ப்ளிஸ்' என்று இரண்டு முறை சொல்லி முடியும்.

காசெட் காலம். எங்கள் ஊரில் பாட்டு எழுதிக் கொடுத்தால் காசெட்டில் ஏற்றித் தரும் கடை ஒன்று இருந்தது. கடைக்காரரிடம் இந்த இசைத்தட்டு எப்படி வந்தது என்று இன்றுவரை ஆச்சரியம்தான். அறுபது நிமிடக் காசெட் வாங்கிக் கொடுத்தேன். முதல் பக்கத்தில் இரண்டு பாட்டு, மறுபக்கத்தில் மூன்றாவது என்று ஏற்றியிருந்தால் அழகாகப் பொருந்தியிருக்கும், ஏனென்றால் அது இருபத்தொன்பது நிமிடம். அவரோ இடம் வீணாகக் கூடாது என்று தொடர்ச்சியாக ஏற்றிவிட்டார். மூன்றாவது பாட்டு ஆரம்பித்து, சூடு பிடிப்பதற்குள் டக் என்று நாடா தீர்ந்துவிடும். திருப்பிப் போட்டால் நடுவில் எங்கேயோ ஆரம்பிக்கும். முடிந்ததும் மிச்ச இடத்தில் ஒரு முருகன் பாட்டு வேறு, அதுவும் அவர் அன்பளிப்பு. காசெட் அட்டையில் 'வாட் நீட்' என்று மட்டும் எழுதியிருந்தார். மீதித் தலைப்புக்கு இடமில்லை.

என்ன இது, தலையும் இல்லாமல் காலும் இல்லாமல் என்று அந்தப் பாட்டை ஒதுக்கியே வைத்திருந்தேன். பிறகு குறுந்தகட்டில் முழுசாகக் கேட்டபோதுதான் விட்டுப்போனது எது என்று தெரிந்தது. சும்மா நிமிடங்கள் போகவில்லை. மெதுவாக ஏறிக்கொண்டே வரும் அந்த ஏற்றம் போயிருந்தது. இப்போது என் பட்டியலில் அதுதான் முதலிடம். ஆனால் ஒன்று, இன்றைக்கும் அது முடிந்ததும் காது தானாக முருகனை எதிர்பார்க்கிறது.

ஜூன் 10

இரண்டாவது ஆல்பத்துக்கு இதுவரை யாரும் கை வைக்கவில்லையே என்று பார்த்தேன், வந்துவிட்டார் ஒரு கர்நாடக சங்கீதக்காரர். அதில் வரும் 'கிருதி'யைப் பிடிக்காது என்கிறார். கிருதி என்றால் விரித்துப் பாட வேண்டிய கீர்த்தனை, மூன்று நிமிடத்தில் முடிந்தால் அது கச்சேரிக் கடைசியில் வரும் துக்கடா, அதற்கு 'கிருதி' என்றே பெயர் வைப்பது அக்கிரமம் என்கிறார்.

பாதி ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது 1976, லண்டன் ட்ரைடெண்ட் ஸ்டூடியோ. கேட்கப்போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் மஹாவிஷ்ணுவின் எலக்ட்ரிக் கிதாருக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள். அவர்கள் முன்னால் கூட்டல் கழித்தல் இல்லாமல் ஒரு கிருதியை அப்படியே வைத்தார்களே, அதைப் பாருங்கள். நிரவல், ஸ்வரம், தனி என்று கிருதியை விரிக்கும் கட்டங்கள் எல்லாம் வேண்டுமென்றால் டிசம்பரில் மயிலாப்பூருக்குப் போகலாம். தாள வாத்தியம் மட்டும் வாசிக்கும் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்ததும் சபா கேண்டீனுக்கு ஓடாமல் உட்கார்ந்திருப்பீர்கள் என்றால்.

மெக்லாக்லின் கமகத்தை, அதாவது ஸ்வரத்தை அசைத்து வளைப்பதை, கிதாரில் எப்படிக் கொண்டுவந்தார் என்றும் அவர் கேட்டிருக்கிறார். அந்தக் கிதாரே தனிப் பிறவி. ஃப்ரெட்டுகளுக்கு (கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளுக்கு) நடுவே மரத்தைக் குடைந்து பள்ளமாக்கியிருப்பார்கள். தந்தியை அந்தப் பள்ளத்துக்குள் அழுத்தி இழுத்தால் வீணை போல ஸ்வரம் வளையும். குறுக்கே ஏழு தந்திகள் வேறு, சுருதிக்கும் நடுநடுவே மீட்டுவதற்கும். மெக்லாக்லின் அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வீணை கற்றவர். அந்தப் பாடம்தான் கிதாருக்குள் போயிருக்கிறது.

ஜூன் 10

அதே ஆல்பத்தின் 'ஐசிஸ்' பற்றி யாரோ கேட்டிருந்தார்கள். பதினைந்து நிமிடம், பிரமாதம். ஒரே குறை, அது இப்போது ஒரு பயங்கரவாத இயக்கத்தின் பெயரும்கூட, இணையத்தில் தேடினால் போலீஸ் வருமோ என்று பயமாக இருக்கிறது.

ஜூன் 12

கோவைக்காரர் ஒருவர் பெரிய குண்டாகப் போட்டிருக்கிறார்: "வயலின் இல்லாத சக்தி எல்லாமே எனக்குப் பிடிக்காத பாட்டுதான். 1997க்குப் பிறகு வந்த எதையும் சக்தி என்று ஒத்துக்கொள்ள மாட்டேன்."

முதலில் சண்டைக்குப் போகத்தான் உட்கார்ந்தேன். மாண்டலின் ஸ்ரீநிவாஸைக் குறை சொன்னால் எனக்கு ரத்தம் கொதிக்கும். ஆனால் 'தி பிலீவர்' மறுபடியும் கேட்டுவிட்டு எழுதலாம் என்று கேட்டேன். அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது.

1975இல் ஒரு பக்கம் கிதார், மறுபக்கம் வயலின். கிதார் தந்தியை மீட்டினால் ஸ்வரம் பிறந்த அடுத்த கணமே தேய ஆரம்பிக்கும். வயலின் வில் போடும்வரை நிற்கும், வளரும், அழும். இரண்டும் ஒரே வரியை ஒன்றாக வாசித்தாலும் யார் எங்கே என்று காது பிரித்துவிடும். மாண்டலினும் மீட்டுகிற வாத்தியம்தான், அதுவும் ஸ்ரீநிவாஸ் வாசித்தது எலக்ட்ரிக். இந்தப் பக்கம் மெக்லாக்லினும் எலக்ட்ரிக் கிதாருக்கு மாறிவிட்டார். வேகமான இடங்களில் இரண்டு பேரும் சேர்ந்து ஓடும்போது யார் கை எது என்று எனக்கே சில நேரம் தெரிவதில்லை. பிரமிப்பு வருகிறது, ஆனால் இரண்டு குரல் கேட்பதில்லை.

அதே ஸ்ரீநிவாஸ் தனியாக ஆலாபனை எடுக்கும் இடத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை. அந்தச் சின்ன வாத்தியத்தில் அவர் கொடுத்த கமகத்தை வைத்துக்கொண்டு வயலின்காரர்களே யோசிக்க வேண்டும். 2014 செப்டம்பரில் அவர் போனபோது நாற்பத்தைந்து வயதுதான். ஆகவே கோவைக்காரரே, வயலின் போனது குறை என்பது சரி. ஒத்துக்கொள்ள மாட்டேன் என்பது அதிகம்.

ஜூன் 12 – இரவு

'ரிமெம்பர் சக்தி' வரிசையில் என் தாண்டல் எது என்றால் 'முக்தி'. 1999 ஆல்பத்தின் இரண்டாவது குறுந்தகட்டில் பெரும்பகுதி அது ஒன்றுதான், ஒரு மணி நேரத்துக்கு மேல். நீளம் எனக்குப் பிரச்சினை இல்லை என்று மேலே எழுதியவன் நான்தான். ஆனால் இருபத்தொன்பது நிமிடப் பாட்டில் எல்லோரும் வேலை செய்கிறார்கள். இதில் ஒருவர் வாசிக்க மற்றவர் காத்திருக்கும் நேரம் அதிகம். நேரில் உட்கார்ந்து கேட்டவர்களுக்குச் சொர்க்கமாக இருந்திருக்கும். வீட்டில் கேட்டால் நடுவில் குக்கர் மூன்று விசில் அடித்துவிடுகிறது.

பேருந்தில் ராத்திரிப் பயணம் என்றால் மட்டும் 'முக்தி' சரி. விழுப்புரத்தில் தூங்கி திண்டிவனத்தில் விழித்தாலும் சௌராசியா அங்கேயேதான் இருப்பார். எதுவும் தவறிப்போயிருக்காது. இதைப் பாராட்டாகவே எடுத்துக்கொள்ளலாம்.

ஜூன் 14

பாட்டுக்காரர் வந்ததிலிருந்து சக்தி கெட்டது என்று ஒரு கோஷ்டி. சங்கர் மகாதேவனைத்தான் சொல்கிறார்கள்.

வாத்தியக் குழு என்று நம்பி வந்தவர்களுக்கு அந்த வருத்தம் இருக்கும்தான். குரல் வந்ததும் காது தானாக அங்கே போய்விடும், வாத்தியம் பக்கவாத்தியம் ஆகிவிடும். நமக்கு அது பழக்கமும்கூட. ஆனால் 'கிரிராஜ் சுதா'வைக் கேளுங்கள், 2001இல் வந்த 'சாட்டர்டே நைட் இன் பாம்பே'யில் இருப்பது. தியாகராஜரின் பங்காள ராகக் கிருதி. நம் வீட்டுப் பாட்டி பாடக் கேட்ட அதே பிள்ளையார் பாட்டு பம்பாய் மேடையில் அப்படித் துள்ளுகிறது. அங்கே குரல் இடத்தை அடைத்துக்கொள்ளவில்லை. எல்லோருக்கும் துரத்த ஒரு பந்து போட்டுவிட்டு நகர்ந்துகொள்கிறது.

அதை 2023இல் வந்த 'திஸ் மொமெண்ட்' ஆல்பத்திலும் மறுபடி போட்டார்கள். டொராண்டோ அக்கா இப்போது "லோட்டஸ் ஃபீட்டுக்கு ஒரு நியாயம், இதற்கு ஒரு நியாயமா?" என்று வருவார். ஆமாம் அக்கா. இரண்டு நியாயம்தான்.

ஜூன் 15

'திஸ் மொமெண்ட்'டுக்கு 2024இல் கிராமி கிடைத்தபோது விக்கு குடும்பத்துக்கு அதுதான் முதல் கிராமி என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை. 'பிளானட் டிரம்' ஆல்பத்துக்கு விக்குவுக்கு எப்போதோ வந்துவிட்டது. அதில் ஜாகிரும் உண்டு. இப்போது 'திஸ் மொமெண்ட்'டில் வாசித்த மகன் செல்வகணேஷுக்கு. அப்பாவுக்கும் பிள்ளைக்கும் ஆளுக்கொன்று.

செல்வகணேஷ் என்றதும் என் கடம் அளவுகோல் ஆட்டம் காண்கிறது. அவர் கடமும் வாசிப்பார், ஆனால் கை போவது கஞ்சிராவுக்குத்தான். ஒரு சாண் வட்டம், ஒரு பக்கம் மட்டும் தோல், ஓரத்தில் சலங்கை. வாசிப்பதற்குமுன் உள்பக்கத்தில் தண்ணீர் தடவித் தோலைத் தளர்த்துவார்கள். இடது கைவிரலால் தோலை அழுத்த அழுத்த அடிச்சத்தம் ஏறி இறங்கும். அவ்வளவு சின்னதிலிருந்து எப்படி அந்தக் கனம் வருகிறது என்று பார்த்துக்கொண்டே இருக்கலாம். ஆகவே திருத்திய அளவுகோல்: விக்கு வீட்டு ஆளுக்கு வேலை இல்லாத பாட்டு சக்தி பாட்டில்லை.

ஜூன் 15 – பிறகு

'திஸ் மொமெண்ட்'டில் பிடிக்காதது எது என்று நேரடியாகவே கேட்டுவிட்டார்கள். 'லாஸ் பால்மாஸ்'. மோசமில்லை. ஆனால் ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து அனுப்பிச் சேர்த்த பதிவுகள் இவை. கணேஷ் ராஜகோபாலன் வந்ததால் வயலினும் திரும்ப வந்துவிட்டது, கோவைக்காரர் மகிழலாம். எல்லாம் சுத்தமாக, பளபளவென்று இருக்கின்றன. எனக்கு அந்தச் சுத்தம்தான் கொஞ்சம் உறுத்துகிறது. ஒருவர் எதிர்பாராமல் ஒன்றை வாசிக்க மற்றவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லும் அந்த அரை நொடி, எதிரெதிரே உட்கார்ந்தால்தான் வரும்.

இதை ஆல்பம் வந்த சமயத்திலேயே எழுதியிருந்தால் இன்னும் காரமாக எழுதியிருப்பேன். 2024 டிசம்பர் 15இல் ஜாகிர் போனபிறகு அந்த ஆல்பத்தில் எதையும் தாண்டிப் போகக் கை வருவதில்லை. இப்போது எழுதும் விமர்சனத்தில் பாதி அன்றைக்குக் கேட்ட காதுடையது.

ஜூன் 18

'கம் ஆன் பேபி டான்ஸ் வித் மீ'யை யாருமே சொல்லவில்லையே என்று ஒருவர் ஆச்சரியப்படுகிறார். தலைப்பைப் பார்த்தால் பட்டியலில் முதலில் வரவேண்டியதுதான். ஆனால் அது இரண்டு நிமிடம். தாண்டலாம் என்று கை நீட்டுவதற்குள் முடிந்துவிடுகிறது. 'கெட் டவுன் அண்ட் ஸ்ருதி'யையும் தலைப்புக்காகவே திட்டுகிறார்கள். எழுபதுகளில் எல்லோரும் அப்படித்தான் தலைப்பு வைத்தார்கள், விடுங்கள்.

ஜூன் 19

இன்று காலை யாரோ 'மைண்ட் எகாலஜி'யைப் பிடிக்காத பட்டியலில் சேர்த்திருக்கிறார். 'வேகத்துக்காக வேகம்' என்று காரணம் வேறு. 'நேச்சுரல் எலிமெண்ட்ஸ்' ஆல்பத்தைத் திறந்து வைப்பதே அதுதான். ஆறு நிமிடத்துக்குள் கிதாரும் வயலினும் தோளோடு தோள் உரசிக்கொண்டு ஓடுகின்றன, தபலாவும் கடமும் பின்னால் விரட்டுகின்றன. இதில் எது வெறும் வேகம்?

'ஹாப்பினஸ்'ஸைத் திட்டுங்கள், 'முக்தி'யைத் திட்டுங்கள், என்னையும் சேர்த்துத் திட்டுங்கள். அவருடைய மற்ற தேர்வுகளையும் பார்த்தேன், 'ஜாய்' நீளம் என்கிறார். அவரோடு எனக்குப் பேச்சு இல்லை. டொராண்டோ அக்கா பார்த்துக்கொள்வார்.